சமதரை

வெளியூரிலிருந்து வரும் பயிற்சி டொக்டர்மார்
ஈசிஜி தாளைக் கையில் எடுத்தால் போதும்,
'உங்கள் மலைகள் மாதிரியே இருக்கிறது' என்பார்கள்.
இல்லை.
தாளில் ஒவ்வொரு முகட்டுக்கும் அப்பால்
கொஞ்சம் சமதரை உண்டு,
இதயம் குந்தி எழும்பும் இடம்.
டிக்கோயாவில் அப்படி ஓரிடம் காட்டுங்கள்,
நாளைக்கே வீடு கட்டுகிறேன்.

புதன்கிழமை கிளினிக்.
ஏழு மணிக்கும் பனி ஜன்னலில் ஒட்டிக்கிடக்கும்.
ஜெல் போத்தலைச் சுடுதண்ணிக் கோப்பையில் நிறுத்திவைப்பேன்.
குளிரில் நடுங்கும் நெஞ்சைத்
தாள் தப்பாக எழுதிவிடும்.

பதினாலாம் இலக்கம், அன்னலெட்சுமி.
வயது முப்பத்தொன்று.
கூடைக்கயிறு உச்சந்தலையில்
முடியைத் தேய்த்துப் போட்ட ஒற்றைக் கோடு.

டொக்டர் ஏக்கநாயக்க குழாயை வைத்துக்
கண்ணை மூடிக் கேட்டார், வெகுநேரம்.
பிறகு என்னிடம், சிங்களத்தில்:
எத்தனை படி ஏறினால் மூச்சு வாங்கும், கேளுங்கள்.

கேட்டேன்.
"எந்தப் படிங்க?
லயத்துக்கே நூத்திப்பத்துப் படி, அத யாரு எண்ணுறா.
போன வருசம் ஏழாம் நம்பர் மல உச்சி வரைக்கும் போவேன்.
பொங்கலுக்குப் பெறகு பாதி.
இப்ப மொத நிறுவைக்கு முன்னயே
மரத்தப் புடிச்சிக்கிட்டு நிக்கிறேன்.
பதினெட்டுக் கிலோ எடுத்த கைங்க,
பதினொன்னத் தாண்டல.
அரப்பேருதான் போடுறாங்க."

அரைப்பேருக்குச் சிங்களத்தில் சொல் தேடினேன்.
ஏழாம் நம்பர் மலையை
இன்னொரு மொழியில் எப்படிச் செங்குத்தாக நிறுத்துவது?
"கொஞ்ச தூரந்தான் ஏறுகிறார்" என்றேன்.
அவர் 'மூன்றாம் தரம்' என்று எழுதினார்.
சரியான விடைதான்.
என் வாயில் மட்டும் ஏதோ மிஞ்சிக் கிடந்தது.

தாள் ஓடியது.
முகடு. முகடு.
நீண்ட இடைவெளி.
பிறகு நெருக்கியடித்துக்கொண்டு மூன்று.
சமதரை இருக்கவேண்டிய இடத்திலெல்லாம்
தகரத்தில் தூறல் விழுவதுபோல் நடுக்கம்.
குந்த ஒரு விரற்கடை இல்லை.
வேண்டுமானால் இதை மலை என்று
ஒப்புக்கொள்கிறேன்.

எக்கோ திரையில் வால்வு தெரிந்தது.
இரண்டு இதழ், தடித்து, ஓரம் ஒட்டி,
கரையில் போட்ட மீனின் வாயாய்
கொஞ்சமே திறந்து.
இரண்டு இலை என்று எழுதத் தோன்றுகிறது. எழுதமாட்டேன்.
அந்த இரண்டிலையை விற்காதவர்
இந்த மலையில் யார்?

சின்ன வயதில் காய்ச்சல் வந்ததா?
"எட்டு வயசுல. மொத தொண்ட நோவு.
பெறகு முழங்கால் வீங்கி, அது வத்தி, கணுக்கால் வீங்கி.
டிஸ்பென்சரியில பனடோல் குடுத்தாங்க,
வளர்ற நோவுன்னாங்க.
ஒரு மாசம் பள்ளிக்கூடம் போகல.
சந்தோசமா இருந்திச்சு."

இந்தமுறை ஒன்றையும் விடவில்லை.
சந்தோசத்தையும் சேர்த்தே
சிங்களத்தில் சொன்னேன்.
டொக்டர் பேனாவை மூடினார், திறந்தார்.

கண்டிக்குப் போகவேண்டும்.
தொடை வழியாகக் கம்பி ஏற்றி
பலூன் ஊதி அந்த வாயைத் திறப்பார்கள்.
மூன்று வாரத்துக்கு ஒருதரம் ஊசி.
இரத்தம் உறையாதிருக்க மாத்திரை,
கீரை அளவோடு.
"தேத்தண்ணி?"
குடிக்கலாம்.
"அப்ப சரி" என்று எழும்பியவள்
கதவோரம் வந்து, எனக்கு மட்டும் கேட்க:
"அக்கா, பலூன் உள்ளுக்குள்ள வெடிச்சிறாதே?"

இரவு கடைசி பஸ்.
வீட்டில் மகன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.
'தொண்டை நோகுது, நாளைக்கு ஸ்கூல் போகல.'
கள்ளன், கணக்குப் பரீட்சை.
ஆனாலும் டோர்ச்சை எடுத்தேன்.
ஆ சொல்லு.
ஆ என்றான்.
இன்னும் திற.
"அம்மா, கண்ணு கூசுது."
பேட்டரி மங்கும்வரை
பார்த்துக்கொண்டே இருந்தேன்.